பத்து விநாடி

தாசிக்மலாயா,
மேற்கு ஜாவா, 3 பிப்ரவரி 2020

காங் யாயனுக்கு,

நலம். போனில் உங்கள் எண்ணை முடக்கியது நான்தான், அதனால் தபால். 20ஆம் தேதி மத நீதிமன்றத்தில் நம் விவாகரத்து விசாரணை. அதற்கு முன் ஓர் உதவி வேண்டும்.

கணினியைத் திறந்தால் முதலில் இரண்டு பெயர்கள் வருகின்றன. என் விண்டோஸ், உங்கள் லினக்ஸ். "ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு குடித்தனம் எதுக்கு?" என்று எட்டு வருடம் கேட்டேன். இப்போதாவது உங்கள் குடித்தனத்தைக் காலி செய்ய வழி சொல்லுங்கள். முன்பு பொத்தானை அழுத்திவிட்டு நம் இருவருக்கும் தேநீர் போடப் போய்விடுவேன். இப்போது போடுவதில்லை. திரைமுன்னே உட்கார்ந்திருப்பதால், என்னுடையது தானாகத் திறக்கும்வரை அந்த இரண்டு பெயர்களும் கண்ணில் படுகின்றன.

இமாஸ்

பண்டுங்,
9 பிப்ரவரி

நெங் இமாஸ்,

அவசரப்பட்டு அழித்துவிடாதே. அந்தத் தேர்வுத் திரை என் பக்கத்தில் இருக்கிறது. அதை அழித்தால் உன் பக்கமும் திறக்காது. ஒரே வட்டில் இரண்டு உலகங்கள், ஒன்று விழித்திருந்தால் மற்றது தூங்குகிறது. எனக்கு இன்னும் இது அதிசயம்தான்.

"உன்னோடது வெறும் சந்தைக்கடை" என்று கேலி செய்தேன். தப்பு. நீ தைக்கும் தொழுகை அங்கிக்குக் கணினி வழி மிஷினில் பூ போட உன்னுடையதுதான் சரி. பள்ளிகளில் கிடக்கும் கிழட்டுக் கணினிகளுக்கு என்னுடையது. நேற்று செத்துக் கிடந்த ஒன்று லினக்ஸில் எழுந்ததும் பிள்ளைகள் வாய்பிளந்து நின்றார்கள். இங்கே பாட்டுப் பதிவு செய்பவர்கள் மேக் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு அது.

என் பெயர் தெரியாமல் இருக்க ஒன்று செய். என் பக்கத்துக்குள் போய், இத்துடன் உள்ள தாளில் குறித்திருக்கும் கோப்பைத் திற. அதில் பத்து என்றிருப்பது, தேர்வுக்காகத் திரை காத்திருக்கும் விநாடிகள். அந்த இடத்தில் பூஜ்ஜியம் போடு. நேராக உன் பக்கம் திறந்துவிடும். கழித்தல் ஒன்று போட்டுவிடாதே. போட்டால் யாராவது தேர்ந்தெடுக்கும்வரை காத்துக்கொண்டே இருக்கும்.

20ஆம் தேதி வந்துவிடுகிறேன்.

யாயன்

தாசிக்மலாயா,
15 பிப்ரவரி

அன்புள்ள காங்,

கோப்பைத் திறந்தேன். பத்துக்கு மேலே நீங்கள் எழுதிவைத்த குறிப்பு, நம் கல்யாண மாதத் தேதியோடு இருந்தது: "தானாகத் திறப்பது இமாஸுடையதாக இருக்கட்டும். அவள் தேநீர் போடப் போய்விடுவாள்."

வீட்டைவிட்டுப் போகும்போதுதான் என் பக்கம் தானாகத் திறக்கும்படி மாற்றிவிட்டுப் போனீர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்! அப்படியானால் எட்டு வருடமாக ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து விநாடிக்குள் பிடித்து உங்கள் பக்கம் போனவர் நீங்கள். "என்ன, பூனை எலிக்குக் காத்திருக்கிற மாதிரி?" என்று எத்தனை முறை சிரித்திருப்பேன். தவறவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே மறுபடி அணைத்துத் திறப்பீர்கள். ஒரு சொல் சொன்னதில்லையே, காங். இந்த மனிதரோடா எட்டு வருடம் இருந்தேன் என்று பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று நீதிமன்றத்தில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். உங்கள் எண்ணையும் திறந்துவிட்டேன். 20ஆம் தேதி நேராக வீட்டுக்கு வாருங்கள். நம் ஊர் ஒன்சொம் சோறு வைக்கிறேன்.

பூஜ்ஜியம் போடவில்லை. கழித்தல் ஒன்று போட்டேன். இன்று காலை பொத்தானை அழுத்திவிட்டுப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு பெயர்களும் அப்படியே நிற்கின்றன.

இமாஸ்