மாடியில் குடியிருக்கும் நிலோஃபர்

ஜன. 12, 2009, திங்கள்

விடிந்ததிலிருந்து பனித்தூறல். டிரைவ்வேயில் உப்பு போட வேண்டும். மகள் ஸாராவின் ஸ்கூல் பஸ் தாமதம். வாங்க வேண்டியவை: கொத்தமல்லி, தயிர், பிரிண்டர் மை.

இன்று என் கணவரை வேலையிலிருந்து நீக்கினேன். கடிதத்தை இவரே டைப் செய்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினார். நிலோஃபர் சிஸ்டம்ஸ் இன்க். என் பெயரில் கம்பெனி. பிரசிடென்ட் இவர், செக்ரட்டரி நான், இருக்கிற ஒரே ஊழியரும் இவர். தனக்குத்தானே சீட்டுக் கிழித்தால் நன்றாக இருக்காதாம். அதனால் நான்.

ஒரு பேங்கில் செய்த கம்ப்யூட்டர் ப்ராஜெக்ட் முடிந்ததிலிருந்து எல்லோரிடமும் "பெஞ்ச்ல இருக்கேன்" என்கிறார். பெஞ்ச் என்றால் அடுத்த ப்ராஜெக்டுக்குக் காத்திருப்பது, மரியாதையான விஷயம். அன்எம்ப்ளாய்மென்ட் என்ற சொல்லை இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வேலை போனவருக்கு அரசாங்கம் கொடுக்கும் அந்தப் பணத்துக்குத்தான் ஆன்லைனில் அப்ளை பண்ணியிருக்கிறார்.

"ரிக்ரெட்னு போட்டிருக்கீங்க. எனக்கு ஒரு ரிக்ரெட்டும் இல்லையே," என்றேன். சிரித்தார். பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், வேறு யாரோ கொடுத்த மாதிரி. பாவமாக இருந்தது.

ஜன. 15, வியாழன்

கடுங்குளிர். ஜன்னலில் பனிப்பூ. இவர் பகலில் வீட்டில் இருப்பது விருந்தாளி வந்த மாதிரி. மாடிப்படியில் வெயில் விழுவதைப் பார்த்து, "தினமும் இப்படித்தான் விழுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நானே இன்றுதான் பார்த்தேன் என்று சொல்லவில்லை. இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து டீ குடித்தோம். ஜங்ஷனில் ரயில் கூவியதும் தலையை நிமிர்த்தினார், தினமும் ரயிலில் வேலைக்குப் போன பழக்கம்.

மாடியில் சின்ன அறைதான் ஆபீஸ். தனி போன் லைன். யாரும் எடுக்காவிட்டால் பேசும் மெஷினில் என் குரல், கம்பெனி ஆரம்பித்த வருஷம் பதிந்தது. "தேங்க் யூ ஃபார் காலிங் நிலோஃபர் சிஸ்டம்ஸ்." அமெரிக்கக்காரி மாதிரி வரும்வரை விடவில்லை, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அது என் குரலே இல்லை. மாடியில் இன்னொரு நிலோஃபர் குடியிருக்கிறாள் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு நினைப்பு. ஒல்லி. கோட்டு போட்டவள். வெங்காயம் நறுக்கத் தெரியாது. சனி, ஞாயிறு எல்லாம் இவர் அவளோடுதான். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஜன. 21, புதன்

கெடுத்துவிட்டேன்.

இவர் எண்ணெய் மாற்ற காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மாடி போன். ஓடிப்போய் எடுத்தேன். அன்எம்ப்ளாய்மென்ட் ஆபீஸிலிருந்து ஒரு பெண், இனிமையான குரல். கலீலை உங்கள் கம்பெனி நீக்கியதா? ஆமாம். மறுபடி உங்களிடம் வேலைக்கு வருவாரா?

"ஆஃப் கோர்ஸ்! ஹீ இஸ் மை ஹஸ்பண்ட். வேற எங்க போவார்?" கடைசி மூன்று வார்த்தை தமிழிலேயே வந்துவிட்டது, பிறகு இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம். அப்படியானால் அவர் ஓனரா? "பிரசிடென்ட்," என்றேன். பெருமையாக! கட்டியவரை வெளியாள் முன்னால் விட்டுக்கொடுத்துப் பேசி நமக்கு எங்கே பழக்கம்?

இவர் வந்ததும் சொன்னேன். திட்டவில்லை. சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "உண்மையைத்தானே சொன்ன," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஜன. 24, சனி

எங்கள் கணக்குகளைப் பார்க்கும் சிபிஏ அங்கிள் ஸ்பீக்கர் போனில்.

"நிலோஃபர் சொன்னாலும் சொல்லாட்டியும் இதுதான் நடக்கும், கலீல். இந்த ஸ்டேட்ல ஓனருக்குக் கிடையாது. கம்பெனி உயிரோட இருக்கிற வரைக்கும் நீங்க அன்எம்ப்ளாய்டே இல்ல. மொத்தமா க்ளோஸ் பண்ணிட்டு மறுபடி அப்ளை பண்ணுங்க."

"ஒவ்வொரு சம்பளச் செக்லயும் அதுக்குன்னு பிடிச்சாங்களே, அங்கிள்?"

"பிடிச்சாங்க. அது சட்டம். குடுக்க மாட்டாங்க. அதுவும் சட்டம்."

அந்தப் பணம் வந்தால்தான் கோடை வரை வீட்டுக் கடனை ஓட்டலாம். இல்லாவிட்டால் இந்த வீடு, இந்தப் படி வெயில், ஸாராவின் ஸ்கூல் எல்லாம் கேள்விக்குறி. கம்பெனியா வீடா, அவ்வளவுதான்.

"நாளைக்கே ஒரு கிளையண்ட் கூப்பிட்டா?" என்றார்.

"கூப்பிடலையே," என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். மாடிக்குப் போய்விட்டார்.

ஜன. 30, வெள்ளி

இவர் ஜும்மாவுக்குப் போனபோது சோபாவில் கண்ணயர்ந்தேன். கனவு. மாடி அறைக்குள் பனி பெய்கிறது, கம்ப்யூட்டர் மேல், ஃபேக்ஸ் மேல். கோட்டுக்காரி கட்டிலே இல்லாத அறையில் பெட்டி அடுக்குகிறாள். "எனக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்று நல்ல தமிழில் கேட்டாள். எங்கே போகப்போகிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. என் பழைய நீலச் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டேன்.

எழுந்தபோது அழுதிருந்தேன். யாருக்காக என்று தெரியவில்லை. அரிசி ஊற வைக்க மறந்தாச்சு.

பிப். 7, சனி

கம்பெனி ஆண்டுக் கூட்டம். வருஷம் தவறாமல் நடத்துவார், சாப்பாட்டு மேஜையில். இடுப்பில் கைலி, மேலே வெள்ளைச் சட்டை, டை. நான் மினிட்ஸ் எழுதுவேன், நடுவில் எழுந்து போய் பிரியாணி தம்மைப் பார்ப்பேன். இன்றும் டை கட்டிக்கொண்டார்.

தீர்மானம் ஒன்றே ஒன்று: மூடுவது. "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்," என்று வாசித்தார். நான் தூக்கினேன். இவர் கை மேஜைமேல் அப்படியே கிடந்தது. கிச்சனில் தம் வாசனை. பிறகு மெதுவாக என் பக்கம் நகர்த்தினார், நான் பிடித்துத் தூக்கினேன். செல்லுமா என்று அங்கிளைக் கேட்கவில்லை.

ஸாரா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸோ கேன் ஐ ஹேவ் தட் ரூம், அத்தா?"

"எடுத்துக்கோ ராஜாத்தி," என்றார்.

பிப். 12, வியாழன்

பனி உருகிக் கூரையிலிருந்து நாள் முழுக்கச் சொட்டுகிறது. மூடும் பேப்பர் எல்லாம் போய்ச் சேர்ந்தன. மாடி லைன் இன்று சாயங்காலத்தோடு கட். இவர் பால் வாங்கப் போனார். நான் ஸாராவின் கட்டிலுக்காக அறையை ஒழித்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. இனி கிளையண்ட் வந்தும் என்ன என்று விட்டுவிட்டேன். மெஷினில் அவள் பேசி முடித்தாள். அந்தப் பக்கம் பேச்சில்லை, கார் ஹீட்டர் சத்தம் மட்டும். அங்கே போனை வைத்துவிட்டார்கள். மறுபடி அடித்தது. மறுபடி அவள் முழுக்கப் பேசினாள். மறுபடி ஹீட்டர். புரிந்தது. இவர்தான்.

அடுத்த தடவை அவளுக்கு முன்னால் நான் எடுத்தேன். "நிலோஃபர் சிஸ்டம்ஸ்."

ஹீட்டர் சத்தம் நின்றது. பிறகு: "மேடம், அங்க வேலை ஏதாச்சும் இருக்கா?"

"கம்பெனி மூடியாச்சு, சார்," என்றேன். கோட்டுக்காரி குரல் வரவில்லை, என் குரல்தான் வந்தது. "பால வாங்கிட்டு வீட்டுக்கு வாங்க."