வைகைப் பாலத்தில் கவிழ்ந்துகொண்டே இருந்த வண்டி

என் அன்பையும் பொறுமையையும் ஒருசேரச் சோதித்த அண்ணே,

உங்கள் ரயில் ஓடும் செல்லூர் வீட்டு மாடியறையை அண்ணி வாடகைக்கு விட்டுவிட்டார். உங்களிடம் இதைச் சொல்லும் துணிவு வேறு எவருக்கும் இல்லாததால் நானே எழுதுகிறேன். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

"இம்புட்டு வருசம் அந்த ரயிலுக்குச் சோறு போட்டாச்சு செண்பகம். அந்தக் காசுக்கு நெசமான ரயில்லயே காசிக்குப் போய்ட்டு வந்திருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு, வண்டி விடும்போது நீங்கள் ஆட்டும் பச்சைக்கொடியை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

பொம்மை ரயில் என்பவருக்கு நீங்கள் காப்பிகூடக் கொடுத்ததில்லை. 'மாதிரி ரயில்' என்றே சொல்ல வேண்டும். கடல்கடந்து வந்த முதல் இன்ஜினுக்குப் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தீர்களே, நினைவிருக்கிறதா? பழம் நசுங்கவில்லை, இன்ஜின்தான் குப்புற விழுந்தது. அடுத்த இன்ஜினுக்கு மணத்தக்காளிப் பழம் வைக்க வேண்டியதாயிற்று. மரங்களைக் கரையான் தின்றது, மரத்தூள் புல்வெளியை எறும்பு சுமந்து சென்றது. செலவில்லாமல் அமைந்தது வைகை மட்டுமே. அதற்கு மணல் போதுமானதாக இருந்தது.

அந்த வைகையின் பாலத்தில்தான் வண்டி கவிழ்ந்தது. ஒவ்வொரு கோடையிலும், ஒவ்வொரு முறையும். பாலத்தருகே நின்று தூக்கி வைப்பது என் பணி. நீங்கள் இன்ஜினைக் குறைகூறிப் புது இன்ஜின் வாங்கினீர்கள். பின்னர் சக்கரங்களைக் குறைகூறினீர்கள். கோடையில் ஒரு முழுச் சுற்றையாவது காணாமலேயே கண்மூடினீர்கள். அந்த ஒரு சுற்றை ஓட்டிவிட வேண்டும் என்று நானும் போன கோடையிலும் இந்தக் கோடையிலும் முயன்று தோற்றேன். தண்டவாளம் பதித்த அந்தப் பலகையைக் காயலான் கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால், அந்தச் சுற்று என்றென்றைக்கும் இல்லை என்றாகிவிடுமே அண்ணே?

ஆகவே என் வீட்டிற்குக் கொண்டுபோகத் துணிந்தேன். அப்போதுதான் உங்கள் மாபெரும் திட்டமிடல் புலப்பட்டது. பலகை வாசலைவிட அகலம். வந்த ஆசாரி தலையில் கைவைத்தார்.

"ஏம்மா, உள்ள வச்சே கட்டிட்டாரா? ஒண்ணு பலகைய அறுக்கணும், இல்ல வீட்ட இடிக்கணும்."

"வீடு எங்களுக்கு வேணும்ணே" என்றார் அண்ணி, அவசரமாக.

நடுவில் அறுத்தால்தான் இரு பாதிகளும் வாசலைத் தாண்டும். நடுவில் இருந்ததோ பாலம். தெருவில் பலகையை ஏற்றக் குட்டியானை வண்டி காத்து நிற்க, நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ரம்பம் தண்டவாளத்தைத் தொட்ட ஓசையை என்னால் எழுத இயலாது. உங்களை இரண்டாம் முறை பறிகொடுத்ததாகவே உணர்ந்தேன்.

"ஏம்மா, இங்கன பாருங்க!" என்றார் ஆசாரி. திரும்பினேன். வெயிலில் புடைத்து நின்ற தண்டவாளம், அறுபட்டதும் மட்டமாகப் படுத்துவிட்டது.

அண்ணே, மார்கழிக் குளிரில் தண்டவாளங்களை நெருக்கிப் பூட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்தவர் நீங்கள். வெயிலில் இரும்பு நீளும், நிஜப் பாதையில் இடைவெளி விடுவார்கள் என்று எனக்கு விளக்கியவரும் நீங்களே. "நம்ம பாதையில எதுக்கு? பாக்கவே அசிங்கமா இருக்கும்" என்றீர்கள். அந்த அழகுக்காகவா இத்தனை இன்ஜின்கள்?

இப்போது இரு பாதிகளும் திருமங்கலத்தில், எங்கள் கூடத்தில். "மச்சான் போயும் என் வீட்டுல பாதியப் புடிச்சிட்டாரே" என்கிறார் உங்கள் மைத்துனர். சுவரோரமாக ஒருக்களித்து நடந்து போகிறார். ரம்பம் போன வழியை அடைக்காமல் பலகைகளைப் பொருத்தினேன். மின்சாரம் பாய அடியில் கம்பி இணைத்தேன். பற்றவைக்க நானே கற்றேன். விரல்களில் கொப்புளங்கள் உள்ளன.

நேற்று உச்சிவெயிலில் வண்டியை விட்டேன். பாலத்தருகே வழக்கம்போலக் கையை நீட்டி நின்றேன். வண்டி என் கையைக் கடந்து போயிற்று. "அண்ணே!" என்று கத்திவிட்டேன். யாரும் வரவில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். மகிழ்ச்சியைச் சொல்ல ஆளில்லாதபோது அதை என்னவென்று அழைப்பது?

அந்தச் சுற்று நிறைவுறவில்லை. நிலையத்து வளைவில் கவிழ்ந்துவிட்டது. அங்கும் நீங்கள் வைத்த ஈயம் அப்படியே இருக்கிறது. சிறு ரம்பம் ஒன்று வாங்கியிருக்கிறேன். நீங்கள் அடைத்த ஒவ்வோர் இணைப்பையும் இந்தக் கோடை முடிவதற்குள் திறந்துவிடுவேன். உங்கள் பச்சைக்கொடியை அண்ணி பிடித்திருக்க, அந்த ஒரு சுற்றை ஓட்டுவேன். அன்றும் பாலத்தருகேதான் நிற்பேன். கையை மட்டும் நீட்டமாட்டேன்.

கவிழ்ந்தபோதெல்லாம் தூக்கி வைத்த
உங்கள் தங்கை,
செண்பகம்