ரேஷன் வரிசையில் ஒரு தப்பு

தேவசேனாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் பத்தாவது படிக்கிறாள்.

உங்கள் ஜப்பான் தொடரைப் பார்த்தோம். "போர் முடிந்த வருஷத்து ஜப்பானை அப்படியே காட்டியிருக்கிறேன், ஒரு தப்பு கண்டுபிடியுங்கள்" என்று பேட்டியில் சவால் விட்டிருந்தீர்கள். கலை இயக்குநர் ஆயிற்றே. கிழிந்த கோட்டின் பொத்தான் வரை சரியாகத்தான் இருந்தது.

போன தை மாதம் கொடைக்கானல் பைன் காட்டில் ரேஷன் வரிசை எடுத்தீர்களே, அதற்கு வில்பட்டியிலிருந்து கேரட் கழுவும் பெண்களை வேனில் கூட்டிப்போனார்கள். நானும் போனேன். தலையில் துணி கட்டி நிறுத்தினார்கள். நீங்கள் ஒவ்வொருவராகச் சரிபார்த்துக்கொண்டே வந்தீர்கள். என் முன்னால் நின்று, "அக்கா, மஞ்சக் கயிறு தெரியுது. ஜப்பான்ல ஏது தாலி? வெரசாக் கழட்டுங்க" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். கழற்றினேன்.

பன்னிரண்டு நாள் மலையில் இருந்தீர்கள். வீட்டுக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். சோலி அதிகம் இருந்திருக்கும்.

தப்பு ஒன்று இருக்கிறது. ஏழாவது பாகத்தில், ஆறு வருஷம் கழித்துத் திரும்பும் சிப்பாய், அந்த வரிசையில் நிற்கும் தன் மனைவியைப் பார்த்த உடனே அடையாளம் கண்டு அழுகிறான். இதை யாரிடம் கேட்டு எடுத்தீர்கள்?

கயிற்றை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் படச் சாமான்களோடு போட்டு வையுங்கள். தமிழ்க் கதை எடுத்தால் ஆகும்.

இப்படிக்கு,
வரிசையில் ஒன்பதாவதாக நின்றவள்