பிடியரிசி டப்பா

அன்புள்ள அம்மாவுக்கு, பியூலாவின் ஸ்தோத்திரம். அப்பாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு? எனக்குச் சுகம்தான்.

போன வாரம் இங்கே கரியாஹாட்டில் நல்ல மழை. கீழ்வீட்டு வங்காளியம்மா, மாஷிமான்னு கூப்பிடுவேனே, அவங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. நான் மாடியில்தானே, பயப்படாதீங்க. அவங்க அரிசியெல்லாம் நனைஞ்சுபோச்சு. கடையும் திறக்கலை. என் அரிசியும் தீர்ந்து, என்கிட்ட இருந்தது, தினம் உலை வைக்கும்போது ஆலயத்துக்குன்னு டப்பாவில எடுத்துவெச்ச பிடியரிசி மட்டும்தான். காணிக்கையைத் தொடலாமான்னு பயந்துக்கிட்டே, அது என்ன அரிசின்னு அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் பொங்கினேன். முதல் வாய் சாப்பிட்டு மாஷிமா சிரிச்சாங்க. ஆண்டவரே எதிர்ல உட்கார்ந்து சிரிச்ச மாதிரி உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு அம்மா.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்க. ஞாயிற்றுக்கிழமை போன்ல கொஞ்சம் அதிகநேரம் பேசுங்க, தமிழ் பேசி நாளாச்சு.

டூட்டிக்கு நேரமாச்சு. ஒண்ணு சொல்லணும்: இன்னைக்குக் காலையில மாஷிமா மாடியேறி வந்து, தன் உலையரிசியில ஒரு பிடி எடுத்து என் காலி டப்பாவில போட்டாங்க.

உங்கள் மகள்
பியூலா