குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை

8.7.1968
வேலையில் சேர்ந்து ஒரு வாரம். முதலாளி சென்னப்பன் கடத்தூர்ப் பக்கம் நான்கு பஸ் ஓட்டுகிறவர். இப்போது மலையடிவாரத்து ஆற்றில் பாலம் கட்டுகிறார். அரசாங்கத்திடம் பணம் இல்லையாம். இவர் சொந்தப் பணமும் பாங்குக் கடனும் போட்டுக் கட்டி, இருபது வருஷம் கட்டணம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வாங்கியிருக்கிறார்.

இன்று கூப்பிட்டார். "பாங்குக்காரன் மீதிப் பணம் தரமாட்டேங்கறான் மேரி. மலை மேல எத்தன தல இருக்குது, எத்தன பேரு எறங்கி வருவாங்கன்னு கேக்கறான். பொம்பளப்புள்ள நீ போனா வாசல்ல நிக்க வுடுவாங்க. எண்ணிட்டு வா."

வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்தார். "வாயத் தொறக்காதவள கணக்கெடுக்க அனுப்பறாரா? நல்ல மொதலாளி."

அப்பா மட்டும் செருப்பைத் தைத்து வைத்தார், மலை ஏறுவதற்கு.

10.7.1968
மலையூர்ப் பெரியவர் மல்லையன் வீடு வீடாக அழைத்துப் போனார். ஒவ்வொரு வாசலிலும் "கம்பெனிலருந்து வந்திருக்குது" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். மீதியை நான் பேச வேண்டும். என்னால் முடியவில்லை. பேர் கேட்கவே கூச்சம். பார்த்தேன், எண்ணினேன், கோடு போட்டேன். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, குழந்தைகள் தனி வரிசை.

கருப்பி என்றொரு பெண் சாமை குத்திக்கொண்டிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். புருஷன் பெங்களூரில் கல் உடைக்கிறானாம். அவள் மகள், நான்கு வயதிருக்கும், வந்து என் பென்சிலைப் பிடித்துக்கொண்டது.

"எம் பேரு சின்னி. எழுதிக்கோ."

எழுதினேன். அந்த நோட்டில் இருக்கும் ஒரே பேர் அதுதான்.

3.9.1968
புது வெள்ளத்தில் இரண்டாம் தூண் சாய்ந்துவிட்டது. மறுபடி தோண்டினார்கள். மேஸ்திரி கறுப்பு ஆடு ஒன்றை வெட்டி ரத்தத்தைக் குழியில் விட்டார். விறகுக் கட்டோடு மலைப் பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி குழியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் என் கையிலிருந்த நோட்டை.

16.9.1968
கடத்தூர்ச் சந்தை. மலையிலிருந்து வந்தவர்களோடு ஒரு குழந்தைகூட இல்லை. டீக்கடையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "தூணு நிக்கலையாம். ஆடு பத்தல, தல கேக்குதாம். கம்பெனிக்காரி ஒருத்தி மேல போயி, புள்ளைங்களப் பாத்துப் பாத்து எழுதிட்டு வந்தாளாம். ஒரு வார்த்த பேசலையாம்."

அது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. டீயைக் குடித்து முடித்தேன். நாக்கு வெந்ததுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பேசியிருந்தால்? ஒவ்வொரு வாசலிலும் ஒரு வார்த்தை பேசியிருந்தால்?

17.9.1968
கண்ணை மூடினால் அந்த மூன்றாவது வரிசைக் கோடுகள். நிற்கிற குழந்தைகள் மாதிரி.

22.1.1969
பாலம் திறந்தாகிவிட்டது. மாலை, மேளம், சர்க்கரைப் பொங்கல். சீட்டு ஜன்னலில் என்னை உட்காரவைத்தார்கள். ஆளுக்கு ஐந்து பைசா, மாட்டு வண்டிக்கு ஐம்பது.

ஆற்றில் தண்ணீர் இல்லை. எல்லாரும் மணலில் இறங்கி நடந்து போகிறார்கள். முதலாளி கவலைப்படவில்லை. "தண்ணி வரட்டும் மேரி. தானா ஏறுவாங்க."

4.7.1969
தண்ணீர் வந்துவிட்டது. முழங்கால் ஆழம். அவர் சொன்னபடியே ஆண்கள் ஏறுகிறார்கள், சுமை தூக்கும் கிழவிகள் ஏறுகிறார்கள். குழந்தை வைத்திருக்கும் பெண்கள் மட்டும் ஏறுவதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து, பாலத்துக்குக் கீழே தள்ளிப் போய் ஆற்றில் இறங்குகிறார்கள். கருப்பியும். ஜன்னலிலிருந்து பார்த்தால் சின்னியின் தலை தெரிகிறது. மொட்டை போட்டிருக்கிறார்கள்.

ஐப்பசியில் இந்த ஆறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது.

1.8.1969
வாழ்நாளில் முதல்முறை முதலாளியிடம் நானாகப் போய்ப் பேசினேன். குழந்தைகளுக்குக் காசு வேண்டாம் என்றால் தாய்மார் ஏறுவார்கள் என்றேன். அவர் யோசித்தார். "சரியாத்தான் சொல்ற. புள்ள சும்மா வந்தா தாயி அஞ்சு பைசா குடுப்பா." அப்போதே போர்டு எழுத ஆள் அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் சும்மாவே சிரித்துக்கொண்டு வந்தேன்.

25.8.1969
போர்டு வைத்து மூன்று சந்தை ஆகிவிட்டது. ஒருத்தியும் ஏறவில்லை. முன்பு ஏறியவர்களில்கூடச் சிலர் இறங்கிப் போகிறார்கள்.

இன்று ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரைக்குப் போனேன். கருப்பி சின்னிக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாலத்துல வாங்க. பாப்பாவுக்குக் காசு இல்ல."

"அதாங்க பயமே," என்றாள். "பெரியாளுக்கு அஞ்சு பைசா, மாட்டுக்குக் காசு, வண்டிக்குக் காசு. புள்ளைக்கு மட்டும் சும்மாவா? அத்தன பணம் போட்டவரு எதுக்குங்க சும்மா வுடறாரு? அவருக்கு அது வேணும், அதான் வுடறாரு."

முந்தானையால் சின்னியின் காலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கணக்கம்மா, நீங்க கெட்டவங்க இல்ல. மொகத்துலயே தெரியுது. ஒண்ணு பண்ணுங்க. இவளுக்கும் அஞ்சு பைசா வாங்கிட்டு ஒரு சீட்டு கிழிச்சுக் குடுங்க. காசு கட்டிப் போனா, போன வழிக்குக் கட்டிட்டோம். அப்புறம் யாரும் எங்ககிட்ட ஒண்ணும் கேக்க முடியாது. அப்ப ஏறறேன்."

சின்னி என் விரலைப் பிடித்துக்கொண்டு, "பென்சிலு?" என்றது. என்னிடம் இல்லை.

26.8.1969
முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "அன்னிக்கு வேணாங்கற, இன்னிக்கு வாங்குங்கற. போர்டு வெச்சாச்சு, பாங்குக்கும் எழுதிப் போட்டாச்சு. புள்ளைக்குக் காசு வாங்குனன்னு ஒருத்தன் புகார் குடுத்தா உத்தரவே போயிரும். வாங்காத."

சரிங்க என்று வந்துவிட்டேன்.

8.9.1969
கருப்பி கரையிலிருந்து ஜன்னலைப் பார்த்தாள். கையில் காசு இருந்தது என்று நினைக்கிறேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஆற்றில் இறங்கிப் போனாள்.

20.10.1969
இங்கே மழை இல்லை. மலைமேல் கறுத்திருந்தது. சந்தை முடிந்து எல்லாரும் திரும்பும் நேரம். கருப்பி இடுப்பில் சின்னியோடு இறங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்தேன். எழுந்து கத்தினேன். "அக்கா, வாங்க, காசு வாங்கிக்கறேன், வாங்கக்கா—" கத்தினேனா? எனக்கே கேட்கவில்லை.

முதலில் கூடைதான் மிதந்து வந்தது.

கருப்பியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார்கள். அவளை மட்டும்.

21.10.1969
இரண்டாம் தூணின் அடியில் கிடைத்தது.

2.11.1969
கல்லறைத் திருநாள். தாத்தா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிய பிறகு, வேலியோரம் வெறும் மண்ணில் இன்னொன்று ஏற்றினேன். "அங்க யாரு இருக்காங்க?" என்றார் அம்மா. சொன்னேன். "அது நம்ம வேதத்துப் புள்ள இல்லையே," என்றார். பிறகு காற்றில் அணையாமல் தன் முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றார்.

1.12.1969
மல்லையன் பாலத்தில் வந்தார். பின்னால் பெண்கள், இடுப்பில் பிள்ளைகள், கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள். ஓடிக்கொண்டு பிள்ளைகள்.

என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன். நிறுத்திக்கொண்டேன்.

"இப்ப பயமில்லீங்களா?" என்று கேட்டேன்.

சீட்டை மடித்துக் காதில் செருகினார். "அது கேட்டது அதுக்குக் கெடச்சிருச்சும்மா. இனிமே யாரையும் ஒண்ணும் பண்ணாது."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் தேவலை.

5.1.1970
வசூல் இரண்டு மடங்கு. பாங்கிலிருந்து பாராட்டி எழுதியிருக்கிறார்கள். முதலாளி எனக்கு ஒரு சேலை கொடுத்தார். பிரிக்கவில்லை. ஏரியூர்ப் பக்கம் இன்னொரு பாலத்துக்கு உத்தரவு கேட்டிருக்கிறாராம். "அங்கயும் நீதான் எண்ணணும் மேரி," என்றார்.

முடியாது என்றேன். வாயைத் திறந்து, சத்தமாக. அவருக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை, இப்போது.

23.2.1970
சந்தை நாள். ஆற்றில் மறுபடி மணல்தான். நடந்தே போகலாம். ஆனாலும் கருப்பி பாலத்துக்கு வந்தாள். அன்றைக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். தலையில் புளிக் கூடை. ஜன்னலில் இரண்டு ஐந்து பைசா வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு. அவளுக்கு ஒண்ணு."

போர்டு என் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு காசையும் எடுத்துக்கொண்டேன். இரண்டு சீட்டு கிழித்துக் கொடுத்தேன்.

அவள் ஒரு சீட்டை இடுப்பில் செருகினாள். இன்னொன்றைக் கைக்குள் மூடிக்கொண்டாள். கூடை தலையில் இருக்க, வலது இடுப்பைச் சற்று வளைத்துக்கொண்டே பாலத்தில் நடந்து போனாள், எதையோ இறுக்கிப் பிடித்திருப்பவள் போல.

சாயங்காலம் கணக்கு எழுதும்போது அவர்களையும் சேர்த்தேன். இரண்டு பேர்.