ராஜகிரி ஏறிய சனிக்கிழமை

திண்டிவனம்,
9-11-2025, ஞாயிறு.

மாமாவுக்கு,

கலைப்பிரியா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் அழ ஆரம்பித்துவிடுகிறீர்கள். உடனே நானும் கத்துகிறேன். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வருகிறார். அதனால்தான் கடிதம். இதைப் படித்துவிட்டு அழுதால் எனக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி 24, சனிக்கிழமை, எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போகிறோம். போன வருஷமும் போனோம். சமூக அறிவியல் டீச்சர் நான்தான் என்பதால் போவதற்கு முன்னால் ஒரு வாரம், அங்கே இருக்கும் மூன்று மலைகளில் உயரமான ராஜகிரியைப் பற்றிப் பாடம் நடத்தினேன். எண்ணூறு அடி உயரம், வழியில் எத்தனை வாசல், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து கிடக்கும் இடம், அதன் மேல் ஒரு பாலம். அங்கே போனதும் பிள்ளைகள் ஏறினார்கள். நான் கீழே மரத்தடியில் நாற்பத்தொரு பைகளுக்குக் காவல் இருந்தேன். இறங்கி வந்த ஒரு பெண், "மிஸ், நீங்க சொன்ன மாதிரியே பாலம் இருக்குது மிஸ்" என்றாள். நான் அந்தப் பாலத்தைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் நாம் இருவரும் போய், வெயில் அதிகம் என்று வாசலோடு திரும்பியது உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வருஷம் நான் ஏறப் போகிறேன். செயற்கைக் காலோடுதான். அனுமதி கேட்டு எழுதவில்லை. வேறு யார் மூலமாவது தெரிந்து நீங்கள் பள்ளிக்கு ஓடி வந்துவிடக் கூடாது என்பதற்காக நானே சொல்கிறேன்.

ஒரே ஓர் உதவி. விழுப்புரம் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் என் சாம்பல் நிற ஷூ இருக்கும். பார்சலில் அனுப்பி வையுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கலைப்பிரியா


விழுப்புரம்,
15-11-2025.

அன்புள்ள கலைக்கு,

திருமுருகன் எழுதிக்கொள்வது. நீ இந்த வீட்டைவிட்டுப் போன இரண்டு வருஷத்தில் உன் கையெழுத்தை இப்போதுதான் பார்க்கிறேன். நான் டிப்போவுக்கு லீவு லெட்டர் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து வைக்காதே.

வேண்டாம் கலை. நான் இப்போது ஓட்டுவது திருவண்ணாமலை வண்டி, செஞ்சி வழி. தினமும் நான்கு தடவை அந்த மலைக்குக் கீழே போய் வருகிறேன். பாறைக்கு மேல் பாறையாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது. இரண்டு கால் இருக்கிறவர்களே இறங்கி வந்து பஸ்ஸில் ஏறும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். நீ எதற்காக ஏற வேண்டும்? யாருக்கு என்ன காட்ட வேண்டும்?

பதினெட்டு வருஷம் ஐம்பது, அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறேன். யாருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. உன் ஒருத்தியைப் பைக்கில் பின்னால் வைத்து ஓட்டத் தெரியவில்லை. கூட்டேரிப்பட்டில் அந்த நாய் குறுக்கே வந்தது, நான் பிரேக் போட்டது, நீ விழுந்தது, பின்னால் லாரி. மூன்று வருஷம் ஆகியும் எப்போதாவது திண்டிவனம் வண்டி ஓட்டும்போது அந்த இடம் வந்தால் என் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது. இன்னொரு தடவை உன்னை ஆஸ்பத்திரியில் பார்க்க என்னால் முடியாது.

ஷூவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இடது ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பார்க்க முடியவில்லை. வலது மட்டும் இருக்கிறது. அனுப்பியிருக்கிறேன். உனக்கு அது ஒன்றுதானே வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
திருமுருகன்


திண்டிவனம்,
7-12-2025, ஞாயிறு.

மாமாவுக்கு,

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன்.

செயற்கைக் காலுக்கும் பாதம் உண்டு மாமா. அதற்கும் ஷூ போட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரம் இல்லாவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இது உங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் நான் காலை மாட்ட எடுத்தாலே நீங்கள் எழுந்து வெளியே போய்விடுவீர்கள். நேரு வீதியில் புதிதாக ஒரு ஜோடி வாங்கிவிட்டேன்.

பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் பள்ளி உடற்பயிற்சி டீச்சர் சங்கவி கூட வருகிறாள். முதலில் ரயில் நிலையத்து மேம்பாலப் படிகள். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது செயற்கைக் கால் முன்னால். முதல் நாள் நான்கு தடவை, இப்போது இருபது தடவை. போன ஞாயிறு பனமலைக்குப் போனோம். மலைமேல் இருக்கும் கோயிலுக்குப் பாதி தூரம் ஏறியபோது விழுந்தேன். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. சங்கவி கை கொடுக்க வந்தாள். "இரு, நானே எழுந்துக்கறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பிடித்தது. எழுந்துவிட்டேன். மேலே போய் நின்று ஏரியைப் பார்த்தோம். தண்ணீர் நிறைந்து கிடந்தது.

இதையும் எழுதிவிடுகிறேன். நேரில் சொல்ல எனக்குப் பொறுமை வரவில்லை. நாய் குறுக்கே வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்காக ஒரு நாளும் உங்கள்மேல் கோபப்பட்டதில்லை. விழுப்புரத்தில் என் தலைமையாசிரியர் வீடு தேடி வந்தபோது வாசலிலேயே நிற்க வைத்து, "அவங்க இனிமே வர மாட்டாங்க சார், வேற ஆளப் போட்டுக்குங்க" என்று சொல்லி அனுப்பினீர்களே, அதற்காகத்தான் நான் வந்துவிட்டேன். நான் அப்போது உள்ளே ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுத் தனியாக நிற்கப் பழகிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பதினோரு விநாடி நின்றேன். நீங்கள் உள்ளே வந்ததும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் நீங்கள் பேசியது காதில் விழுந்துவிட்டது.

நிலக்கடலை அறுவடை முடிந்து சித்தப்பா ஒரு மூட்டை மல்லாட்டை கொடுத்தனுப்பினார். உங்களுக்கும் கொஞ்சம் அனுப்பச் சொன்னார் அம்மா. அனுப்பியிருக்கிறேன்.

கலைப்பிரியா


விழுப்புரம்,
21-12-2025.

அன்புள்ள கலைக்கு,

மல்லாட்டை வந்தது. கண்டக்டர் கோபியும் நானும் வேக வைத்துத் தின்றோம்.

உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறேன். பதினோரு விநாடி என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாது.

தலைமையாசிரியரிடம் சொன்னது தப்பு. உன்னைப் பாதுகாக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவிடமும் சொன்னேன். அது உண்மை இல்லை. நீ தெருவில் நடந்தால் ஊர் முதலில் உன் காலைப் பார்க்கும், அப்புறம் என் முகத்தைப் பார்க்கும் என்று பயந்தேன். "வண்டிய ஓட்டனவன் இவன்தான்" என்பார்கள். நீ வீட்டுக்குள்ளேயே இருந்தால் என் தப்பும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

24ஆம் தேதி நான் அங்கே வர மாட்டேன். லீவில் இருந்தால் மனசு கேட்காமல் வந்துவிடுவேன் என்று அன்றைக்கு டூட்டி கேட்டு வாங்கியிருக்கிறேன். வந்தால் உன் கையைப் பிடிப்பேன். பிடிக்காமல் பக்கத்தில் நிற்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

கோட்டை ஸ்டாப்பில் ஏறுகிறவர்களிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். மேலே குடிக்கத் தண்ணீர் கிடையாது. கையில் பை வைத்திருந்தால் குரங்கு பிடுங்கும், முதுகில் மாட்டிக்கொள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும், அதனால் திறந்தவுடன் ஏற ஆரம்பி. மதியத்துக்கு மேல் மேலே விட மாட்டார்களாம். எல்லோரும் ஒரே மாதிரி சொன்ன விஷயம், ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். பாதி பலத்தை அதற்கு வைத்துக்கொள்.

திருமுருகன்


திண்டிவனம்,
25-1-2026, ஞாயிறு.

அன்புள்ள மாமா,

ஏறிவிட்டேன்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னாடி, எனக்குத் தெரிஞ்சதையே எனக்கு எழுதிக் காட்டற" என்றார். ஆனாலும் இரண்டு தடவை படித்தார்.

ஒன்பது மணிக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். பிள்ளைகள் கணக்கு வாத்தியாரோடு முன்னால் ஓடிவிட்டார்கள். சங்கவியும் நானும் பின்னால். கூட அஸ்வினி என்று ஒரு மாணவி. அவளுக்கு இழுப்பு உண்டு, மெதுவாகத்தான் வருவாள். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. நல்ல அகலமான படிகள், இரண்டு பக்கமும் மரம். அதற்கப்புறம் படி ஒவ்வொன்றும் ஒரு உயரம். ஒன்று அரை அடி என்றால் அடுத்தது முழங்கால் வரை. ஒவ்வொரு படியிலும் வலது காலை வைத்து, கையால் பாறையை அழுத்தி, இடது காலை மேலே இழுத்தேன்.

கமலக்கண்ணி அம்மன் கோயிலுக்கு வந்தபோது வேர்வையில் கால் வழுக்க ஆரம்பித்தது. கழற்றித் துடைத்து உள் உறையை மாற்றாமல் ஓரடி போக முடியாது. பள்ளியில் யார் எதிரிலும் நான் காலைக் கழற்றியதில்லை. அஸ்வினி எதிரில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கழற்றினேன். "கொஞ்சம் புடி" என்று அவள் கையிலேயே கொடுத்தேன்.

"மிஸ், கனமா இருக்குது மிஸ். இதையும் தூக்கிக்கினா ஏர்றீங்க?"

"ஆமா."

"வலிக்குதா மிஸ்?"

"வலிக்குது. உனக்கு மூச்சு வாங்குதா?"

"வாங்குது."

"அப்ப ரெண்டு பேரும் மெதுவாவே போவோம்."

பாலத்துக்கு வரும்போது மணி பன்னிரண்டு. வெயில் ஏறிவிட்டது. அங்கே இருந்த காவலாளி என் நடையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "இதோட போதும்மா. இங்கேர்ந்து பாத்தாலே எல்லாம் தெரியுது. எறங்கிடுங்க" என்றார். நல்ல மனுஷர், அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கும் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தது. தொடை ஆடிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தேன், பிளவு ஆழமாக இருட்டாக இறங்கிப் போகிறது. இந்தப் பாலத்தைப் பற்றி எத்தனை வகுப்பில் பேசியிருக்கிறேன். "கடந்துட்டு வந்து சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பாலம் சின்னதுதான். பத்துப் பன்னிரண்டு எட்டு இருக்கும்.

உச்சிக்குப் போனபோது மணி பன்னிரண்டே முக்கால். யாரும் கை தட்டவில்லை. பிள்ளைகள் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டு குரங்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் நகர்ந்து உட்கார்ந்து, "மிஸ், இங்க நெழல் இருக்குது, வாங்க" என்றாள். எனக்கு அது போதும். எல்லோரையும் போல நானும் வந்தேன், எல்லோரையும் போல இடம் கிடைத்தது.

என்ன காற்று மாமா அங்கே. நின்ற இடத்திலிருந்து சுற்றிப் பார்த்தால் எதிரே கிருஷ்ணகிரி மலை, அந்தப் பக்கம் மூன்றாவது மலை, மூன்றையும் சேர்த்துக் கட்டிய மதில் கோடு கிழித்த மாதிரி வயலுக்குள் ஓடுகிறது. கீழே கோட்டைக்குள் நிற்கும் கல்யாண மகால் கோபுரம் தீப்பெட்டி உயரம். ஏரி, அதற்கப்பால் நெல் வயல், தூரத்தில் வெறும் நீலம். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்துப் பாடம் நடத்தினேன். ஒரு வாரம் கரும்பலகையில் எழுதி நடத்தியது, அங்கே கை நீட்டிக் காட்டியதில் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பதினான்கு வருஷமாக வகுப்பெடுக்கிறேன். இவ்வளவு நல்ல வகுப்பு இதற்கு முன் எடுத்ததில்லை.

இறங்குவது நீங்கள் சொன்ன மாதிரிதான். உயரமான படிகளில் உட்கார்ந்து சறுக்கித்தான் இறங்கினேன். புடவை வேண்டாம் என்று சுடிதார் போட்டது நல்லதாகப் போயிற்று. கீழே வர நான்கு மணி. வெட்டின இடம் சிவந்து வீங்கியிருக்கிறது, இன்று முழுவதும் கால் மாட்டவில்லை. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு நாளில் சரியாகும். ஓடி வர வேண்டாம்.

உங்கள்,
கலை


விழுப்புரம்,
1-2-2026.

அன்புள்ள கலைக்கு,

கடிதத்தைக் கோபிக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே.

என் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குப் பகல் டிரிப்பில் கோட்டை வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால் தாண்டியிருக்கும். ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். கோபி பின்னாலிருந்து, "யாருண்ணா எறங்கணும்?" என்றான். "யாரும் இல்ல. ஒரு நிமிஷம்" என்றேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தேன். உச்சியில் மண்டபம் தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

முன் சீட்டில் கீரைக் கூடையோடு ஓர் அம்மா. "இன்னாப்பா, வண்டி ரிப்பேரா?" என்றார்.

"இல்லம்மா. எம் பொண்டாட்டி மேல ஏறிக்கினு இருக்குது."

"அதுக்கு இன்னா? எல்லாந்தான் ஏறுது."

"அதுக்கு ஒரு காலு இல்லம்மா. வண்டில வெச்சு நான்தான் கீழ போட்டுட்டேன். செயற்கைக் கால் மாட்டிக்கினு ஏறுது."

மூன்று வருஷமாக நான் யாரிடமும் சொல்லப் பயந்ததை ஐம்பது பேருக்கு நடுவில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா நெற்றிக்குக் கையை வைத்து மேலே பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இந்தப் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை கலை. எல்லோரும் மலையைத்தான் பார்த்தார்கள்.

திருவண்ணாமலைக்கு நாலு நிமிஷம் லேட். டைம் கீப்பர் ஏன் என்று கேட்டார். "எம் பொண்டாட்டி ராஜகிரி ஏறுது சார்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எதுவும் எழுதாமல் விட்டுவிட்டார். அன்றைக்கு டிப்போவில், டீக்கடையில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன். அவ்வளவு பெருமை எனக்கு.

கடைசியாக ஒன்று. விழுப்புரத்துக்குத் திரும்பி வா என்று கேட்கப் போவதில்லை. உன் பள்ளி அங்கே இருக்கிறது. திண்டிவனம் டிப்போவுக்கு மாற்றல் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. கொடுக்கட்டுமா? வேண்டாம் என்றாலும் எழுது. கிழித்துவிடுகிறேன். வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்லவில்லை. ஆனால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
திருமுருகன்


திண்டிவனம்,
5-2-2026.

அன்புள்ள மாமா,

மனுவைக் கொடுங்கள்.

வீக்கம் வடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை முதல் பள்ளிக்குப் போகிறேன். கோடை வருவதற்குள் பர்வதமலை போகலாம் என்கிறாள் சங்கவி. ராஜகிரியைவிடச் செங்குத்தாம். ஓர் இடத்தில் பாறையில் அடித்து வைத்த கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டுமாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பெயர் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் வருவாரா என்று கேட்டாள். அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

வருகிறீர்களா?

உங்கள்,
கலை