வாங்கில் இருக்கும் தம்பிக்கு

என்ரை குஞ்சுத் தம்பி கபிலனுக்கு,

ஆறடி தாண்டி வளர்ந்தவனைக் குஞ்சு என்று கூப்பிடாதேங்கோ என்று நீ சண்டைக்கு வருவாய். வாவன், வந்து சண்டை பிடி. ஒரு வருடமாக இந்த வீட்டில் என்னோடு சண்டை பிடிக்க ஆள் இல்லை.

உன் ஆண்டுத் திவசத்துக்குப் பத்திரிகையில் நினைவஞ்சலி போட வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். விளம்பரம் எடுக்கிற இடத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கணினியில் ஆயத்தமாக வைத்திருந்த கவிதைகளைக் காட்டி, "இதிலை ஒண்டைச் சொல்லுங்கோ தங்கச்சி, பெயரை மட்டும் மாத்திவிடுவம்" என்றார். எல்லாவற்றிலும் நீ விளக்காய் அணைந்தாய், இல்லையென்றால் மலராய் உதிர்ந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ அப்படியெல்லாம் போகவில்லை. வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் விழுங்க முடியாமல், நகமெல்லாம் கறுத்துத்தான் போனாய். அதனால்தான் இந்தக் கடிதத்தையே போடச் சொல்லப் போகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

முதலில் உனக்குத் தெரியாத செய்தி. நீ போன பிறகும் விளையாடிக்கொண்டுதான் இருந்தாய். முந்தநாள் பின்னேரத்தோடு அது நின்றுபோனது.

உன் செத்தவீட்டன்று சிநேகிதர்கள் கொக்குவில் சந்தியில் கண்ணீர் அஞ்சலி பனர் கட்டினார்கள். இங்கே அது இல்லாமல் ஒருவரும் சாக முடியாதே! பள்ளிக்கூட அணியில் உன்னோடு கூடைப்பந்து விளையாடிய ரஜீவன்தான் படம் கேட்டு வந்தான். வீட்டில் உருப்படியான படம் ஒன்றும் இல்லை. கமராவைக் கண்டால் நாக்கை நீட்டுகிற ஆள் நீ. கடைசி மாதங்களில் எடுத்தவற்றில் தலைமயிரும் இல்லை, கன்னமும் இல்லை. அம்மா அவற்றைத் திரும்பியும் பார்க்க மாட்டார். "நான் பாக்கிறன் அக்கா, நீங்கள் போங்கோ" என்றான் ரஜீவன்.

பனர் வந்தது. கறுப்புக் கோட், நீல ரை, அடர்ந்த தலைமயிர், ஒரு மறுவில்லாத முகம். வந்த சனம் எல்லாம், "என்ன வடிவான படம்! எந்த ஸ்ரூடியோவிலை எடுத்தது?" என்று கேட்டது. நீ எப்போதடா கோட் போட்டாய் என்று எனக்கும் ஒரு யோசனைதான். ஆனால் எங்கள் படக்கடைக்காரர்கள் செத்தவர்கள் எல்லாருக்கும் கோட் மாட்டிவிடுவார்கள் என்பதால் பெரிதாக எடுக்கவில்லை. அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாலையும் போட்டோம்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, உனக்குப் பிடித்த நண்டுக் கறியையும் புட்டையும் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கண்டேன். வாய்க்குக் கீழே, நாடியில் தழும்பு இல்லை. சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து, இரத்தம் வழிய வழிய மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, இழை போட்ட தழும்பு. அது எங்கே போனது? ரஜீவனை வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். அவன் அழுதே விட்டான்.

"அவன்ரை போனிலை ஒரு நல்ல படமும் இல்லை அக்கா. உது கேமிலை இருந்து எடுத்தது."

கனடாச் சித்தப்பா அனுப்பிய கேம் பெட்டியில் நீ விழுந்து கிடந்து விளையாடுவாயே, அந்தக் கூடைப்பந்துக் கேம். கைபேசிக்கு முன்னால் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்பினால், அது உன் முகத்தை எடுத்து ஒரு விளையாட்டுக்காரனுக்கு வைத்துவிடுமாம். இந்தப் புற்றுநோய் வருத்தம் வருவதற்கு முதல் எடுத்த முகம். அமெரிக்கத் தொழில்முறை அணி ஒன்றின் சட்டையோடு நீ நின்றிருக்கிறாய். படக்கடைக்காரர் அந்தச் சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டிருக்கிறார். ஊர் முழுக்க ஒரு கேம் பொம்மையைப் பார்த்து அழுதிருக்கிறது. எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. நீ என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அம்மா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதை நாங்கள் காணவில்லை. அவர் கோபிக்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அதுக்குள்ளை அவன் இருக்கிறானோ?"

ரஜீவன் ரீவியைப் போட்டுக் கேமைத் தொடங்கினான். மச் தொடங்க முதல் அரங்கத்தின் விளக்குகள் அணைந்தன, சனம் இரைந்தது, ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள். நீயும் வந்தாய். குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினாய், கழுத்தைச் சொடுக்கினாய். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த உன்னைத்தான் அம்மா கடைசியாகக் கண்டவர். "நடக்கிறான்" என்றார். "எப்பிடி நடக்கிறான் பார்." ரஜீவன் பழக்கதோஷத்தில் பொத்தானை அமத்தி அந்தக் காட்சியை வெட்டிவிட்டான்.

"ஏனடா அதை வெட்டினனி?"

"மச் தொடங்க வேணுமெல்லோ அம்மா."

"மச் எனக்கு எதுக்கு? அவனைக் காட்டு."

அன்று தொடங்கியது. ரஜீவன் கட்டாருக்கு வேலைக்குப் போகும்வரை அவன் வந்து விளையாடிக் காட்டினான். பிறகு யார் இருக்கிறார்கள்? நான்தான். பந்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் சொல்லு! மருந்துக்கடையில் காலையிலிருந்து நின்று கால் கடுத்து, பஸ்ஸில் தொங்கி வந்து, அந்தக் கொன்ரோலரைக் கையில் எடுப்பேன். பெருவிரல் இரண்டும் வலித்தன. எங்கள் ஆளுக்கு என்று நினைத்து மற்ற அணிக்காரனுக்குப் பந்தைக் கொடுத்தேன். எறிய வேண்டுமென்றால் பொத்தானை அமத்திப் பிடிக்க வேண்டும். உன் பக்கத்தில் ஒரு கோடு ஏறும். அது உச்சிக்குப் போகும்போது விட வேண்டும். முந்தி விட்டால் பந்து வளையத்துக்கே போகாது, பிந்தி விட்டால் வளையத்தில் பட்டுத் தெறிக்கும். நான் எப்போதும் பிந்தித்தான். நீ பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு கொன்ரோலரைப் பறித்திருப்பாய்.

அம்மாவுக்கு எறிவதெல்லாம் பெரிதில்லை. மற்ற அணிக்காரன் உன்னைத் தட்டிவிட்டால் ஒருவரும் மறிக்காமல் தரைக் கோட்டில் நின்று எறியத் தருவார்களே, அதுதான் வேண்டும். அப்போது கமரா உன் முகத்துக்குக் கிட்ட வரும். கையைக் காற்சட்டையில் துடைப்பாய், பந்தைத் தட்டுவாய், ஒரு மூச்சு விடுவாய். அந்த மூச்சு விடும்போது அம்மாவும் விடுவார். வர்ணனை செய்கிறவன் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இலக்கம் சொல்கிறானே என்று ஒரு நாள் கோபப்பட்டார். எங்களுடைய பெயர் அவனுக்குப் பழக்கிக் கொடுக்கவில்லையாம் என்றேன். "ஆஸ்பத்திரியிலையும் கட்டில் நம்பர்தானே" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா அந்த நேரத்தில் மட்டும்தான் சாப்பிட்டார். விளக்கு வைத்து, நீ ரீவியில் வந்த பிறகு, "கொண்டா சோத்தை" என்பார். உன்னைப் பார்த்துக்கொண்டே சோத்துக் கோப்பையில் இருப்பதை முடிப்பார். கரண்ட் இல்லாத நாளில் தண்ணீரும் குடிக்க மாட்டார். நான் கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். அசையவில்லை.

வந்த வினை என்னவென்றால் வாங்கு. நான் மோசமாக விளையாடினால் அந்தக் கேமில் உள்ள பயிற்றுநர் உன்னை வெளியே கூப்பிட்டு, ஓரத்தில் போட்டிருக்கும் வாங்குப் பலகையில் இருத்திவிட்டு வேறொருவனை இறக்கிவிடுவார். முதல் தடவை நீ அப்படிப் போய் இருந்தபோது அம்மா கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார்.

"ஏன் அவனை இருத்தினவங்கள்? எழும்பச் சொல்லு! இருத்தினால் ஆள் விழுந்திடும்!"

அந்தச் சொல் உனக்கு நினைவிருக்கிறதா? தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு காலையும் அம்மா உன் கட்டிலடியில் நின்று சொன்னது அதுதான். "எழும்பு ராசா, ரெண்டடி நட. படுத்தால் ஆள் விழுந்திடும்." நீ சொல்வாய், "களைக்குது அம்மா. எப்பன் நேரம் இருக்க விடுங்கோ." அம்மா விட மாட்டார். தோளைக் கொடுத்துத் தூக்கி, சேலைன் தண்டையும் உருட்டிக்கொண்டு ஜன்னல் வரைக்கும் உன்னை நடத்துவார். கடைசிக் காலையும் நடத்தினார். அதைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை.

அதனால் நான் விளையாடப் பழகினேன். விடிய எழும்பி, வேலைக்குப் போக முதல், அந்தக் கேமில் தனியாக எறிந்து பழகுகிற மைதானம் இருக்கிறதே, அதில் உன்னை நிற்க வைத்து எறிந்தேன். பந்தைத் துரத்தினால் மட்டும் போதாது, உன்னிடம் ஒப்படைத்த ஆளை விட்டு விலகாமல் நிற்க வேண்டும் என்று மெல்ல மெல்லத்தான் விளங்கியது. ரஜீவன் கட்டாரிலிருந்து போனில் சொல்லித் தந்தான். உன்னை வாங்கில் இருத்தாமல் வைத்திருந்தேன். அம்மாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. எனக்குச் சரியான புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பிறகு ஒரு பின்னேரம் திரையில் ஓர் அறிவித்தல் வந்தது. ரஜீவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் உடனே போன் எடுத்தான்.

"பழைய கேமை மூடப்போறாங்கள் அக்கா. அவன்ரை ஆள் எங்கடை பெட்டிக்குள்ளை இல்லை, கம்பனிக்காரற்றை மெசினிலைதான் இருக்கிறான். அவங்கள் நிப்பாட்டினால் சரி."

"புதுசிலை திரும்பச் செய்யேலாதோ?"

"செய்யலாம். ஆனால் ஆள் நேரிலை நிண்டு தலையைத் திருப்ப வேணும்."

நீ விளையாடுவதை வீடியோவாக எடுத்து வைத்தேன். அம்மா ஒரு தரம் பார்த்துவிட்டு, "உது முடிஞ்ச கதை பிள்ளை. பந்து விழுமோ விழாதோ எண்டு பாத்திருக்க அதிலை என்ன இருக்கு?" என்றார். சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று சொன்னேன்.

"அம்மா, கேமை மூடப்போறாங்கள்."

"ஆர்?"

"கம்பனிக்காரர்."

"அவங்களுக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

எனக்குப் பயமாக இருந்தது, கபிலன். இந்த மனுசி இனி எதற்காகச் சாப்பிடும்? கோபமும் வந்தது. நான் ஒருத்தி உயிரோடு பக்கத்தில் இருக்கிறேனே, நான் பிள்ளை இல்லையா? இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

முந்தநாள் கடைசி நாள். அம்மா பின்னேரமே குளித்து, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து இருந்தார். நீ ஓடி வந்தாய், நாடாவை இறுக்கினாய், கழுத்தைச் சொடுக்கினாய். நான் ஒன்றையும் வெட்டவில்லை. ஆனால் கை வியர்த்து வழுக்கியது. எறிந்தது ஒன்றும் விழவில்லை. ஒருவன் உன்னைத் தட்டிவிட்டான், கோட்டில் நின்றாய், கையைத் துடைத்து மூச்சு விட்டாய். ஒன்று விழுந்தது, மற்றது வளையத்தைச் சுற்றி வந்து வெளியே போனது. அதற்குப் பிறகு பந்தைப் பறிகொடுத்தேன், திரும்பவும் பறிகொடுத்தேன். பயிற்றுநர் கையைக் காட்டினார். நீ தலையைக் குனிந்துகொண்டு போய் வாங்கில் இருந்தாய். துவாயை எடுத்துத் தோளில் போட்டாய்.

கடைசி நாளிலுமா! நீ திரும்ப இறங்கும் கட்டத்துக்குத் தாவ ஒரு பொத்தான் உண்டு. அவசரமாக அதைத் தேடினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு பிள்ளை."

"திரும்ப இறக்கலாம் அம்மா, இன்னும் நேரம் இருக்கு."

"வேண்டாம். களைச்சுப்போனான். எப்பன் இருக்கட்டும்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை தரம் கேட்டவன்," என்றார். "நான் விடேல்லை."

மற்றவர்கள் ஓடினார்கள். கமரா இடைக்கிடை வாங்குப் பக்கம் வரும்போது நீ தண்ணீர் குடித்தாய், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தாய். அம்மா அழுதார். செத்தவீட்டில் அழுதது போலச் சத்தமாக இல்லை. மச் முடிந்தது. யார் வென்றது என்று நான் பார்க்கவில்லை, ரீவியை நிற்பாட்டினேன்.

நேற்றுக் காலை சுவரிலிருந்த கோட் போட்டவனை அம்மாவே இறக்கி வைத்தார். "தழும்பு தெரியிற படம் ஒண்டு வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த முகத்தில் தழும்பு இல்லை என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"பெத்தவளுக்குத் தெரியாதே?"

போனில் இருந்ததைக் காட்டினேன். வார்ட் கட்டிலின் விளிம்பில் நீ. மொட்டைத் தலை, ஒட்டிய கன்னம், நாடியில் தழும்பு. அதிலும் நாக்கை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாய், மூதேவி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நேற்று அவர் சாப்பிடவில்லை. இன்று காலை தேத்தண்ணீர் மட்டும். பின்னேரம் நான் புட்டு அவித்துக் கோப்பையோடு அவர் முன்னால் போய் இருக்கப் போகிறேன். ரீவி இல்லாமல். என்ன நடக்குமோ தெரியாது.

ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். திவசத்துக்கு வருவது அந்த வார்ட் படம்தான். கோட் மாட்ட விட மாட்டேன். தலையில் மயிர் வைக்க விட மாட்டேன், தழும்பை அழிக்க விட மாட்டேன். உன்னைப் பார்த்து எழும்பு என்று சொல்ல இனி ஒருவரையும் விட மாட்டேன்.

இரு தம்பி. ஆறுதலாக இரு.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னால் மிஞ்சியிருக்கும்
பவானி அக்கா